மீன்பெட்டி ஐஸும் நிலாவெளி உப்பும்

வைகாசி பிறந்து கச்சான் காற்று வீசத் தொடங்கினால் திருகோணமலையில் மத்தியானம் வீட்டுக்குள் இருப்பது கஷ்டம். மலைநாட்டின் மேற்குப் பக்கத்தில் மழையைக் கொட்டிவிட்டு இந்தப் பக்கம் இறங்கி வரும் காற்று அது. எங்களிடம் வந்து சேரும்போது ஈரம் போய்விடும், சூடு மட்டும் மிஞ்சும். அந்த நேரத்தில் ஐஸ்பழக்காரரின் மணிச் சத்தம் கேட்டால் ஒழுங்கையிலுள்ள பிள்ளைகள் செருப்புக்கூடப் போடாமல் ஓடுவார்கள். என் மகளுக்கு ஐந்து வயதாக இருந்தபோது அடுத்தடுத்து இரண்டு முறை வயிற்றோட்டம் வந்தது. ஐஸ்பழத்தால்தான் வந்தது என்று நான் சொல்லவில்லை. ஆனால் எனக்குப் பயம் பிடித்துவிட்டது. சரி, வீட்டிலேயே ஐஸ்கிறீம் செய்து கொடுப்போம் என்று தொடங்கினேன். அது 2019.

முதல் தடவை செய்தது இப்படி: அரை லீற்றர் தண்ணீரில் பால்மா கரைத்து, சீனியும் வனிலாவும் போட்டு, பிளாஸ்டிக் பெட்டியில் ஊற்றிப் பிறீசரில் வைத்தேன். அடுத்த நாள் எடுத்தபோது பால் நிறத்தில் ஒரு கல் இருந்தது. கத்தியால் கொத்தி வாயில் போட்டால் நறநறவென்று ஐஸ் கடிபட்டது. அதோடு மீன் வாசம். மகள் ஒரு வாய் வைத்துவிட்டு, "அம்மா, பாரை மீன் மணக்குது" என்றாள். உண்மைதான். பிறீசரில் பக்கத்திலேயே பாரை இருந்தது, அதற்குக் கீழே ஒரு பை றால்.

கடற்கரை ஊர்க்காரர்கள் முதலில் கவனிக்க வேண்டியது இதைத்தான் என்று நினைக்கிறேன். பாலிலும் கிறீமிலும் உள்ள கொழுப்பு பக்கத்திலிருக்கும் எந்த வாசத்தையும் இழுத்துக்கொள்ளும். கருவாடு வைத்த பிறீசர் என்றால் சொல்லவே வேண்டாம். இப்போது நான் ஐஸ்கிறீம் செய்வதற்கு முதல் நாளே மீன் எல்லாவற்றையும் இறுக்கி மூடும் பெட்டிகளுக்கு மாற்றி, பிறீசரை வெறுமையாக்கி, தேசிக்காய்த் தண்ணீரில் துடைத்துக் காயவிடுகிறேன். ஐஸ்கிறீமை ஊற்றிய பிறகு அதன் மேற்பரப்பில் படும்படி ஒரு துண்டு பொலித்தீனை ஒட்டி விரித்து, அதற்கு மேல்தான் மூடி போடுகிறேன். பொலித்தீனுக்கும் ஐஸ்கிறீமுக்கும் நடுவில் காற்று நின்றால் அந்த இடத்தில் வெள்ளையாக ஐஸ் பூக்கும்.

வாசத்துக்கு வழி கண்டுபிடித்தேன், கல்லுக்குத்தான் நாலு வருடம் பிடித்தது. உறைந்த பால் வேறு, ஐஸ்கிறீம் வேறு என்பது எனக்கு அப்போது தெரியாது. நுண்ணிய ஐஸ் மணிகள், காற்றுக் குமிழிகள், கொழுப்புத் துளிகள், இவற்றுக்கு நடுவே கடைசிவரை உறையாமல் நிற்கும் சீனிப்பாகு, இந்த நாலும் சேர்ந்துதான் ஐஸ்கிறீம். ஐஸ் மணிகள் ஏறத்தாழ 50 மைக்ரோமீற்றரை, அதாவது ஒரு மில்லிமீற்றரின் இருபதில் ஒரு பங்கைத் தாண்டாமல் இருந்தால் நாக்கு அவற்றைத் தனித்தனியாக உணராது; வழுவழுவென்று இருக்கும். கலவை ஆறுதலாக உறைந்தால் மணிகள் குறைவாகத் தோன்றி ஒவ்வொன்றும் பெருத்துவிடும். வேகமாக உறைந்தால், அதுவும் கிளறக் கிளற உறைந்தால், எண்ணற்ற சிறு மணிகளாகத் தோன்றும். எங்கள் வீட்டுப் பிறீசர் மைனஸ் 18 பாகைக்கு இறங்கும் என்று எழுதியிருக்கிறது. ஆனால் வெளியே 34 பாகை வெயில், நாளுக்கு இருபது தடவை திறக்கப்படும் கதவு, உள்ளே நிறைய மீன். ஒரு லீற்றர் பால் அதற்குள் உறைய ஏழெட்டு மணித்தியாலம் எடுத்தது. அவ்வளவு நேரத்தில் கல்லாகாமல் வேறென்ன ஆகும்?

நடுவில் 2022 வந்தது. பால்மாவுக்கு வரிசை, எரிவாயுவுக்கு வரிசை, மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணித்தியாலம் வரை கரண்ட் இல்லை. அதற்குச் சில நாட்களுக்கு முன் மகளின் பிறந்தநாளுக்கென்று பாடுபட்டு வாங்கிய கிறீமில் ஒரு பெட்டி செய்து வைத்திருந்தேன். இரவு பெரும்பகுதி பாலாக உருகியது, விடியக் கரண்ட் வந்ததும் திரும்ப உறைந்தது. பார்க்க நல்லாகத்தான் இருந்தது. ஆனால் மேலே மஞ்சளாகக் கொழுப்புப் படை, கீழே கட்டி ஐஸ். உருகும்போது சிறிய மணிகளெல்லாம் கரைந்து போகின்றன, திரும்ப உறையும்போது அந்தத் தண்ணீர் மிஞ்சிய பெரிய மணிகளில் போய் ஒட்டிக்கொள்கிறது. வாயில் கரகரப்பது ஒரு பக்கம் இருக்கட்டும், எங்கள் சூட்டில் மணிக்கணக்காக உருகிக் கிடந்த பாலைத் திரும்ப உறையவைத்துப் பிள்ளைகளுக்குக் கொடுக்கவே கூடாது. குளிரில் கிருமி சாகாது, தூங்கும். அந்தப் பெட்டியை முழுக்கக் கொட்டினேன். அன்றைக்கு அழுதேன். பால்மா ஒரு பைக்கற்றுக்கு எவ்வளவு நேரம் நின்றோம் என்பது நின்றவர்களுக்குத் தெரியும்.

எங்கள் ஒழுங்கையில் ஒரு மாமா இருக்கிறார். சொந்த மாமா இல்லை. பல வருடம் வள்ளமும் வலையும் வைத்திருந்த சம்மாட்டி, அதனால் எல்லோருக்கும் மாமா. 2023 மே மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, நான் முற்றத்தில் ஒரு பேசின் நிறைய ஐஸ் போட்டு, அதற்குள் சில்வர் சட்டியை வைத்துப் பாலைக் கிளறிக்கொண்டிருந்தேன். பிறீசரை நம்பாமல் ஐஸில் நேரடியாகக் குளிரவைத்தால் சரிவரும் என்று நினைத்திருந்தேன். முக்கால் மணித்தியாலம் கிளறியும் பால் குளிர்ந்ததே ஒழிய இறுகவில்லை. மாமா படலையில் நின்று பார்த்தார்.

"பிள்ளை, வெறும் ஐஸில வச்சா பால் குளிரும், இறுகாது. உப்பு எங்க?"

"உப்புப் போட்டா ஐஸ் கரைஞ்சிடுமே மாமா."

"கரையட்டும். கரையக் கரையத்தான் குளிர் ஏறும். கையை வச்சுப் பார், விறைக்கும்."

மாமா சொன்னதன் காரணத்தைப் பிறகு நான் வாசித்துத் தெரிந்துகொண்டேன். ஐஸ் 0 பாகையில் உருகும். ஆனால் சீனி கலந்த பால் உறையத் தொடங்குவதே மைனஸ் 2, மைனஸ் 3 பாகையில்தான். ஆகவே வெறும் ஐஸில் எவ்வளவு நேரம் கிளறினாலும் அது உறையாது. உப்பு சேர்ந்தால் தண்ணீர் உறையும் புள்ளி இறங்குகிறது, அதனால் ஐஸ் உருகியே ஆகவேண்டும். உருக வெப்பம் வேண்டும். ஒரு கிராம் ஐஸ் உருக 80 கலோரி வெப்பம் தேவை. அதைச் சட்டியிலிருந்தும் பாலிலிருந்தும் இழுத்துக்கொள்கிறது. ஐஸும் உப்பும் சரியான அளவில் கலந்தால் மைனஸ் 21 பாகை வரைக்கும் இறங்க முடியும். வீட்டு முற்றத்தில் அவ்வளவு வராது, ஆனால் மைனஸ் 12, 15 வந்தாலே போதும். அந்தக் குளிர் சட்டியின் சுவரில் நேரடியாகப் படுவதால், பிறீசருக்குள் இருக்கும் குளிர்க்காற்றைவிடப் பல மடங்கு வேகமாகப் பாலின் வெப்பத்தை எடுத்துவிடும்.

அமெரிக்காவில் 1843இல் நான்சி ஜோன்சன் என்ற பெண், கைப்பிடி சுற்றிச் செய்யும் ஐஸ்கிறீம் வாளிக்குக் காப்புரிமை எடுத்தார். வெளிவாளியில் ஐஸும் உப்பும், உள்வாளியில் பால், அவ்வளவுதான். மின்சாரம் வீடுகளுக்கு வருவதற்கு முந்திய காலம். இதை வாசித்தபோது எனக்குத் தோன்றியது, எங்கள் ஊரைவிட இதற்குப் பொருத்தமான ஊர் எது என்றுதான். மீனுக்காக எந்நேரமும் ஐஸ் கிடைக்கும் ஊர். பெயரிலேயே உப்பு இருக்கும் உப்புவெளி பக்கத்தில், அதைத் தாண்டினால் நிலாவெளியில் உப்பளங்கள்.

இப்போது நான் செய்யும் முறையைச் சொல்கிறேன். ஐந்து கிலோ ஐஸுக்கு ஒன்றேகால் கிலோ கல்லுப்பு. தூள் உப்பு வேண்டாம், அது உடனே கரைந்து அடியில் போய்விடும். கல்லுப்பு ஐஸ் துண்டுகளுக்கு நடுவில் நின்று ஆறுதலாக வேலை செய்யும். ஐஸைச் சாக்குக்குள் போட்டு உலக்கையால் புளியங்கொட்டை அளவுக்கு உடைக்க வேண்டும். பெரிய துண்டுகள் என்றால் சட்டியில் படாமல் இடைவெளி நிற்கும். வெளிப்பாத்திரமாக மீன் கொண்டுபோகும் ரெஜிபோம் (தெர்மோகோல்) பெட்டி. இதுவும் மாமாதான் தந்தார், புதியது. பேசினில் போட்டால் வெளிச் சூட்டிலேயே பாதி ஐஸ் வீணாகும், ரெஜிபோமில் ஒரு மணித்தியாலத்துக்கு மேல் நிற்கும். உள்ளே மூடி உள்ள உயரமான சில்வர் பாத்திரம். அடியில் ஐஸ், மேலே ஒரு பிடி உப்பு, திரும்ப ஐஸ், திரும்ப உப்பு என்று பாத்திரத்தின் கழுத்துக்கு மூன்று விரல் கீழே வரை நிரப்புவேன்.

அந்த மூன்று விரல் முக்கியம். ஒரு தடவை விளிம்பு வரை நிரப்பினேன். கிளறும்போது உப்புத் தண்ணீர் தளும்பி உள்ளே போய், ஒன்றரை லீற்றர் மாம்பழக் கலவையும் வாயில் வைக்க முடியாமல் போனது. உப்பு மட்டுமல்ல, மீனுக்குப் போடும் ஐஸ் குடிநீர்த் தரத்தில் செய்யப்படுவதும் இல்லை, கொண்டுவரப்படுவதும் இல்லை. அதில் ஒரு சொட்டும் கலவையில் விழக்கூடாது. மூடியைத் திறப்பதற்கு முன்னால் பாத்திரத்தின் மேற்பக்கத்தைச் சுத்தமான துணியால் துடைத்துவிட்டுத்தான் திறக்க வேண்டும். கையை அந்த ஐஸுக்குள் வெறுமனே விடவும் கூடாது. என் மகன் பந்தயத்துக்குக் கையை வைத்து, விரல் நுனி வெளிறி இரண்டு நாள் எரிந்தது. வேலை முடிந்து மிஞ்சும் தண்ணீரைக் கானில் ஊற்றுங்கள். நான் யோசிக்காமல் வாழையடியில் ஊற்றினேன், ஒரு கிழமையில் இலை விளிம்பெல்லாம் கருகியது.

கிளறுவதற்கு நீளமான மர அகப்பை. முதல் பத்து நிமிடம் ஒன்றும் நடக்காதது போல இருக்கும். பிறகு சுவரில் மெல்லிய படையாக உறையத் தொடங்கும். அந்தப் படையைச் சுரண்டி நடுவுக்குத் தள்ளிக்கொண்டே இருக்க வேண்டும், நிற்கவே கூடாது. நீங்கள் சுரண்டும் ஒவ்வொரு படையும் ஐஸ் மணிகள்தான். பெருக்க விடாமல் பிய்த்து எறிகிறீர்கள். கூடவே காற்றும் கலக்கிறது. முப்பது, முப்பத்தைந்து நிமிடத்தில் தடித்த ரவைக் களி பதத்துக்கு வரும், அகப்பை நிற்கும். அப்போது பெட்டிக்கு மாற்றிப் பிறீசரில் வைக்க வேண்டும். பரந்த, உயரம் குறைந்த பெட்டியாக இருந்தால் சீக்கிரம் இறுகும். நாலு மணித்தியாலம் போதும். வீட்டில் நாலு பேர் இருந்தால் ஆளுக்குப் பத்து நிமிடம் என்று முறை வைத்துக்கொள்ளுங்கள், தனியாளாகச் செய்தால் தோள் வலிக்கும்.

கலவையை முதல் நாள் இரவே காய்ச்சிப் பிறிட்ஜில் வைத்துவிட வேண்டும். நான் இதை அலட்சியம் செய்திருந்தேன். சூடாறிய பாலை அப்படியே ஐஸுக்குள் வைத்தால் பாதி ஐஸ் அதைக் குளிரவைக்கவே செலவாகிவிடும். இரவு முழுக்கக் குளிரில் இருந்தால் கொழுப்பும் இறுகும், பால்மாவும் கோன்பிளவரும் தண்ணீரை நன்றாகப் பிடித்துக்கொள்ளும். ஒரே கலவையைப் பாதி உடனே, பாதி அடுத்த நாள் என்று செய்து பார்த்தேன். இரண்டாவது தெளிவாகவே மிருதுவாக இருந்தது.

அளவு இதுதான். அரை லீற்றர் பால், 40 கிராம் முழு ஆடைப் பால்மா, 120 கிராம் சீனி, ஒரு மேசைக்கரண்டி கோன்பிளவர். கோன்பிளவரைக் கொஞ்சம் குளிர்ந்த பாலில் கரைத்துவிட்டு எல்லாவற்றையும் ஒன்றாகக் காய்ச்சித் தடிக்க வைத்து, ஆறியதும் 200 மில்லிலீற்றர் கிறீம் சேர்க்க வேண்டும். சுவைத்தால் உங்களுக்குத் தித்திப்புக் கூடுதலாகத் தெரியும். தெரியத்தான் வேண்டும், குளிரில் நாக்குக்கு இனிப்புக் குறைவாகத்தான் படும். நான் ஒரு முறை உடம்புக்கு நல்லது என்று சீனியைப் பாதியாக்கினேன். திரும்பக் கல். சீனிதான் கலவையின் ஒரு பகுதியை உறையவிடாமல் வைத்திருக்கிறது. குறைத்துச் சாப்பிட வேண்டுமென்றால் சீனியைக் குறைக்காமல், பரிமாறும் அகப்பையைச் சிறிதாக்குங்கள். பால்மாவையும் அளவுக்கு மீறிப் போட வேண்டாம். பாலிலுள்ள லக்ரோஸ் என்ற சீனி குளிரில் மணிகளாகப் பிரிந்து மணல் கடிபடுவதுபோல இருக்கும். முட்டை மஞ்சள் கரு சேர்ப்பவர்களும் இருக்கிறார்கள், ருசியாக இருக்கும். ஆனால் 71 பாகைக்குக் குறையாமல் காய்ச்ச வேண்டும், பச்சை முட்டையை அப்படியே உறையவைக்கக் கூடாது.

கிறீம் எல்லா நேரமும் கிடைப்பதில்லை, கிடைத்தாலும் விலை. அதற்குப் பதில் தேங்காய் முதற்பால் நன்றாகவே வேலை செய்யும், தண்ணீர் குறைவாக விட்டுப் பிழிந்ததாக இருக்க வேண்டும். தேங்காய்ப்பாலுக்கு வனிலா எடுபடாது என்பது என் கருத்து. ஏலக்காயும் பனங்கட்டியும் போட்டுப் பாருங்கள்.

ஆனால் எனக்கு மிகவும் பிடித்தது எருமைத் தயிரில் செய்வது. எங்கள் மாவட்டத்தில் எருமைத் தயிருக்குக் குறைவில்லை. மூதூர், கிண்ணியா, கந்தளாய்ப் பக்கம் போனால் வீதியோரத்தில் சட்டிகள் அடுக்கியிருக்கும். பசுப்பாலில் கொழுப்பு நாலு சதவீதத்தை ஒட்டி இருக்கும், எருமைப்பாலில் ஏழு எட்டு. அதனால் கிறீமே தேவையில்லை. ஒரு லீற்றர் சட்டித் தயிரைச் சுத்தமான வேட்டித் துணியில் கட்டி, பிறிட்ஜுக்குள் ஒரு பாத்திரத்தின் மேல் மூன்று மணித்தியாலம் தொங்கவிட வேண்டும். தண்ணீர் வடிந்து கட்டியாகும். அதோடு ஒரு ரின்பாலும் (தகரத்தில் வரும் இனிப்பான கட்டிப்பால்) ஒரு சிட்டிகை உப்பும் சேர்த்து அடித்தால் கலவை தயார், அடுப்பே மூட்டத் தேவையில்லை. புளிப்பும் இனிப்பும் சேர்ந்து அப்படி ஒரு ருசி. பரிமாறும்போது மேலே கித்துள் பாணி விட வேண்டும். தயிரும் பாணியும் சாப்பிட்டு வளர்ந்த நாக்குக்கு வேறு எந்த ஐஸ்கிறீமும் இவ்வளவு நெருக்கமாக இருக்காது. புளித்துப்போன தயிரை இதற்கு எடுக்க வேண்டாம், அன்றைக்கு உறைந்த தயிர்தான் வேண்டும்.

பழம் போடுவதில் இரண்டு பிழை விட்டேன். பழம் என்றால் பெரும்பாலும் தண்ணீர், தண்ணீர் என்றால் ஐஸ். கறுத்தக்கொழும்பான் மாம்பழத்தைப் பிளெண்டரில் அடித்து அப்படியே ஊற்றியபோது இடைக்கிடை ஐஸ் கட்டி பட்டது. இப்போது 400 கிராம் கூழை அடிகனமான சட்டியில் போட்டுக் கிளறி 250 ஆகும் வரை வற்றவைத்து, ஆறவைத்துச் சேர்க்கிறேன். நிறமும் கூடும், மாம்பழத்தின் ருசியும் இறுகி நிற்கும். அடுத்தது அன்னாசி. பச்சையாகச் சேர்த்துவிட்டு இரவு பிறிட்ஜில் வைத்தேன், விடியப் பார்த்தால் பால் திரைந்து கசந்திருந்தது. அன்னாசியில் புரதத்தை அறுக்கும் ஒரு நொதியம் இருக்கிறது. சீனி போட்டுக் கொதிக்கவைத்தால் அது செயலிழந்துவிடும், பிறகு தாராளமாகச் சேர்க்கலாம். பப்பாசிக்கும் இதே கவனம் வேண்டும்.

வீட்டு ஐஸ்கிறீமை ஒரு கிழமைக்குள் முடித்துவிடுங்கள். கடைகளில் விற்பதில் பாதி அளவு காற்றுத்தான், நம்முடையதில் அவ்வளவு காற்று இல்லை, அதனால் எடுத்த உடனே அகப்பை இறங்காது. மேசையில் வைத்துக் காத்திருந்தால் எங்கள் சூட்டில் ஓரம் தண்ணீராகிவிடும், நடு அப்படியே இருக்கும். பத்துப் பதினைந்து நிமிடம் பிறிட்ஜின் கீழ்த்தட்டில் வைத்து எடுத்தால் முழுக்க ஒரே பதமாக இளகும்.

போன ஆடி விடுமுறையில் கொழும்பிலிருந்து தங்கை குடும்பம் வந்திருந்தது. காலையில் தயிர் ஐஸ்கிறீம் செய்து, நாலு மணித்தியாலம் பிறீசரில் இறுகவைத்து, பின்னேரம் நிலாவெளிக் கடற்கரைக்குக் கொண்டுபோனோம். அதே ரெஜிபோம் பெட்டிதான். பழைய தண்ணீரை வடித்துவிட்டு, புதிதாக இரண்டு கிலோ உடைத்த ஐஸும் இரண்டு பிடி உப்பும் போட்டு, ஐஸ்கிறீம் பாத்திரத்தின் மூடியைச் சுற்றிப் பொலித்தீன் கட்டி நடுவில் வைத்து, மேலே ஈரச்சாக்கு. மாமாவும் வந்தார். பிள்ளைகள் கடலில் குளித்துவிட்டு வரும் வரைக்கும், கிட்டத்தட்ட இரண்டு மணித்தியாலம், அது இறுக்கமாகவே இருந்தது. மாமாவுக்குச் சீனி வருத்தம், இரண்டு கரண்டிக்கு மேல் சாப்பிட மாட்டார். அந்த இரண்டையும் பாணி விடாமல் வாங்கிச் சாப்பிட்டுவிட்டு, பெட்டிக்குள் விரலை வைத்துப் பார்த்து, "உப்பு காணும் பிள்ளை, இன்னும் ஒரு மணித்தியாலம் நிக்கும்" என்றார்.